பெடல் ஏன் இன்னும் தாழ்கிறது? தனியாளாக ஏர் எடுத்த ஒரு பிரேக் வேலை

வண்டி, 2009-ஆம் ஆண்டு பெரோடுவா மைவி. 1.3 லிட்டர், ஆட்டோ கியர், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) இல்லாதது. முன்சக்கரங்களில் டிஸ்க் (இரண்டு பேட் இறுக்கிப் பிடிக்கும் வட்டு), பின்சக்கரங்களில் டிரம் (உள்ளிருந்து இரண்டு ஷூ விரிந்து அழுத்தும் உருளை). வேலை நடந்த இடம் மலேசியாவின் பினாங்கு, குளுகோரில் எங்கள் வரிசை வீட்டின் போர்ச். வேலை செய்தது நான் ஒருவன். வீட்டில் அம்மா இருந்தார். ஆனால் 74 வயதில், இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவரைக் காருக்குள் உட்காரவைத்து "மிதிங்க, விடுங்க, மறுபடி மிதிங்க" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் 30 வருடம் போர்மனாக (வண்டி மெக்கானிக்காக) இருந்தவர். அவர் அப்போது மகள் வீட்டுக்கு, சுங்கைப்பட்டாணிக்குப் போயிருந்தார்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதைத்தான் 'ஏர் எடுப்பது' என்கிறோம். இரண்டு நாள் ஆன வேலை இது. நேராகப் போயிருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும். எங்கே வழி தவறியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். தனியாக பிரேக் வேலை செய்பவர்களுக்கு அந்தப் பகுதிதான் அதிகம் பயன்படும்.

அறிகுறி

பாலிக் பூலாவில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு துன் சார்டோன் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். அஞ்சோங் இண்டா தாண்டி பாயா தெருபோங் பக்கம் இறங்கும் அந்த வளைவுகளில் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போய்ப் பிடித்தது. பிடிக்காமல் இல்லை, தாமதமாகப் பிடித்தது. கியரை 2-க்கு இறக்கி, எஞ்சின் இழுவையிலேயே மெதுவாக வந்து சேர்ந்தோம். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் பானட்டைத் திறந்து பார்த்தால் பிரேக் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது. எண்ணெய் குறைந்தால் பலர் கொஞ்சம் ஊற்றி மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. பிரேக் எண்ணெய் எரிந்து தீரும் பொருள் இல்லை. அது குறைய இரண்டே காரணம்தான். முன்பக்க பேட் தேய்ந்து பேட்டை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்திருக்கும், அதனால் அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் இறங்கியிருக்கும். இல்லையென்றால் எங்கோ கசிகிறது. என் வண்டியில் பேட் இன்னும் 6 மி.மீ. இருந்தது. ஆகவே கசிவுதான்.

பின்பக்க இடது சக்கரத்தின் உள்பக்கம் விரலை வைத்தபோது வழவழவென்று ஒட்டியது. டிரம்மில் அதற்கென்றே இரண்டு திருகுத் துளைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி முறுக்க, டிரம் நகர்ந்து வந்தது. ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைச் சின்ன ஸ்குரூடிரைவரால் லேசாகத் தூக்கினேன். உள்ளே தேங்கியிருந்த கறுத்த எண்ணெய் ஒரு சொட்டாகத் திரண்டு, ஷூவின் மேல் விழுந்தது. அந்த ஒரு சொட்டில் கண்டுபிடிப்பு முடிந்தது. சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது.

எண்ணெய் நனைந்த ஷூவைத் துடைத்துவிட்டு மாட்டக் கூடாது. ஷூவின் உரசும் பரப்பான லைனிங் அதை உறிஞ்சியிருக்கும், சூடானதும் வெளியே வரும், ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். எனவே இரு பக்கத்துக்கும் புதிய ஷூ, இரு பக்கத்துக்கும் புதிய வீல் சிலிண்டர் என்று முடிவு செய்தேன். ஒரே வயதுள்ள வலது சிலிண்டர் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யார் சொல்ல முடியும்?

எண்ணெய்

எண்ணெய் டப்பாவின் மூடியில் எழுதியிருந்தது டாட் 3, அது பிரேக் எண்ணெயின் தரப் பெயர். கடையில் டாட் 4 வாங்கினேன். இரண்டும் கிளைக்கால் வகை, ஒன்றோடொன்று கலக்கும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மட்டும் இவற்றோடு சேர்க்கக் கூடாது. பெயர் நெருக்கமாக இருந்தாலும் டாட் 5.1 வேறு, அது கிளைக்கால்தான்.

டாட் 4 எடுத்ததற்குக் காரணம் அந்த மலைச்சாலை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. டாட் 4-க்கு அது 230. ஆனால் இந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்துவிட்டால் டாட் 3-இன் அளவு 140-க்கும் டாட் 4-இன் அளவு 155-க்கும் இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும், பெடல் தரையைத் தொடும். பினாங்குக் காற்றின் ஈரப்பதம் நமக்குத் தெரியும், துணி காய ஒரு நாள் ஆகிற ஊர். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றிவிடுவது என் பழக்கம். ஸ்டோரில் சென்ற ஆண்டு திறந்து மிச்சம் வைத்த போத்தல் ஒன்று இருந்தது. அதைத் தொடவில்லை. திறந்த போத்தல் ஈரத்தைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று, பிரேக் எண்ணெய் பெயிண்ட்டைத் தின்னும். சிந்தினால் துடைப்பதற்கு முன் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

கழற்றும் வேலை

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜேக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கினேன். ஜேக்கை மட்டும் நம்பிக் கையை உள்ளே விட வேண்டாம். தனியாக இருக்கும்போது இது இரட்டிப்பு உண்மை, கூப்பிட்டால் ஓடிவர ஆள் இல்லை.

பிரேக் பைப்பைக் கழற்றினால் மேலே டப்பாவில் உள்ள எண்ணெய் முழுவதும் சொட்டிவிடும். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு. டிரைவர் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்து, பெடலை 3, 4 செ.மீ. அமுக்கி வைத்தேன். பெடல் மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் பம்பின் உள்ளே பிஸ்டன் முன்னே நகர்ந்து, டப்பாவிலிருந்து வரும் துளையை அடைத்துக்கொள்ளும். சொட்டு நின்றுவிடும். பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி வயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

பைப் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். பைப்பைச் சுற்றிப் பிடிக்கிற, வாய் வெட்டிய வளைய ஸ்பேனர், 10 அளவு, இதற்கென்றே வாங்கி வைத்திருக்கிறேன். முந்தின இரவே துரு எண்ணெய் அடித்து வைத்ததால் இரண்டும் சத்தமில்லாமல் கழன்றன. டிரம் தூசியை வாயால் ஊதவில்லை, பிரேக் கிளீனர் அடித்துக் கழுவிவிட்டேன்.

புதிய ஷூ தடிமனாக இருந்ததால் டிரம் உள்ளே போகவில்லை. நடுவில் இருக்கும் பல்சக்கர அட்ஜஸ்டரைச் சுருக்கினேன். இன்னும் போகவில்லை, மேலும் சுருக்கினேன். டிரம் தாராளமாக உட்கார்ந்தது. சரி, இது தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகைதானே, ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாளை விழுங்கியது இந்த இடம்தான். அப்போது தெரியவில்லை.

ஏர் எடுத்தல், முதல் சுற்று

பிரேக் எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால்தான் காற்றை வெளியேற்ற வேண்டும். எவ்வளவு காற்று பொருட்டு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாஸ்டர் பம்பின் விட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பு சுமார் 314 சதுர மி.மீ. குழாயில் 1 மில்லி லிட்டர் காற்று இருந்தால், பலமாக மிதிக்கும்போது அது கிட்டத்தட்ட முழுவதும் நசுங்கிவிடும். அதற்கே பிஸ்டன் 3 மி.மீ.க்கு மேல் வீணாக நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் 4 என்றால் காலுக்கு அது 13 மி.மீ. ஒரு சின்னக் கரண்டியில் பாதிகூட இல்லாத காற்று, பெடலில் ஒன்றே கால் சென்டிமீட்டர்.

முதலில் கையால் அழுத்தும் வெற்றிடப் பம்ப் ஒன்றை வாங்கி வந்து நிப்பிளில் (சக்கரத்தருகே காற்றை வெளியேவிடும் சின்னத் திருகில்) மாட்டி இழுத்தேன். தனியாள் வேலைக்கு என்றே விற்கிறார்கள். இழுக்க இழுக்கக் குமிழி வந்தது. அரை மணி நேரம் கழித்தும் வந்துகொண்டே இருந்தது. 500 மில்லி போத்தலில் முக்கால்வாசி போய்விட்டது. நிறுத்தி யோசித்தேன். நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் திருகுப் பள்ளங்கள் வழியாகப் பம்ப் வெளிக்காற்றையே இழுக்கிறது. அந்தக் குமிழிகள் குழாய்க்குள் இருந்து வரவில்லை. திருகைச் சுற்றிக் கெட்டியான கிரீஸ் தடவியதும் முக்கால்வாசிக் குமிழி நின்றது. இந்தப் பம்ப் கெட்ட பொருள் இல்லை. ஆனால் அது காட்டும் குமிழியை வைத்து வேலை முடிந்ததா என்று தீர்மானிக்க முடியாது.

இரண்டாம் சுற்று

பழைய முறைக்கே திரும்பினேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், ஒரு போத்தல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் புதிய எண்ணெய். குழாயின் முனை அந்த எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வேண்டும். போத்தலை நிப்பிளைவிட உயரமாகக் கட்டித் தொங்கவிட்டேன். குழாய் நிப்பிளிலிருந்து முதலில் மேலே ஏறினால் காற்று மேலே போய்விடும், நிப்பிள் வாயில் எப்போதும் எண்ணெய் நிற்கும். பெடலை விடும்போது திரும்பி உள்ளே போனாலும் எண்ணெய்தான் போகும்.

இந்த வேலைக்குத் துணையாள் எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாக விளங்கியது. காலுக்காக என்றே இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். மிதிப்பதை யாரும் செய்யலாம், கட்டைகூடச் செய்யும். ஒரே நேரத்தில் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது: நிப்பிளில் குமிழி, டப்பாவில் எண்ணெய் மட்டம், காலில் பெடலின் உணர்வு. ஒருவனுக்கு இருப்பது இரண்டு கண், அவையும் ஒரே பக்கம் பார்ப்பவை. ஆகவே தனியாகச் செய்பவன் ஈடுகட்ட வேண்டியது கண்களைத்தான்.

குமிழிக்குக் கைப்பேசி. ஒரு செங்கல் மேல் சாய்த்து, பின்னால் வெள்ளைக் காகிதம் ஒட்டி, குழாயை நோக்கி வீடியோ ஓடவிட்டேன். ஐந்து மிதி மிதித்துவிட்டு வந்து பார்ப்பேன். மூன்றாவது மிதியில் ஒரு கடுகளவு குமிழி வெள்ளைத் தாளின் முன் சாவதானமாக ஏறிப் போவது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. ஆளை வைத்துச் செய்த காலத்தில்கூட நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

மட்டத்துக்கு எண்ணிக்கை. மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு எத்தனை மிதியில் இறங்குகிறது என்று முதலிலேயே எண்ணினேன். என் வண்டியில் 10. ஆகவே 5 மிதிக்கு ஒருமுறை எழுந்து போய் ஊற்றுவது என்று வைத்துக்கொண்டேன், ஆறாவது கிடையாது. டப்பா காலியாகி மாஸ்டர் பம்ப் காற்றைக் குடித்துவிட்டால் நான்கு சக்கரத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மிதிக்கும்போது வேகம் கூடாது. மெதுவாக அமுக்கி, அதைவிட மெதுவாக விட வேண்டும். பெடலைத் தரை வரைக்கும் தள்ளவும் கூடாது. பழைய மாஸ்டர் பம்பில் பிஸ்டன் என்றும் போகாத ஆழத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும். ரப்பர் உதடு அங்கே போய் உரசினால் கிழிந்துவிடும், ஏர் எடுக்கப் போய் பம்ப் போன கதையாகிவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தேன்.

வரிசை: நம் வண்டிகளில் மாஸ்டர் பம்ப் வலப்பக்கம் இருப்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று தூரத்திலிருந்து கிட்டே வந்தேன். குறுக்காக இணைத்த பிரேக் உள்ள சில வண்டிகளுக்குத் தயாரிப்பாளர் வேறு வரிசை சொல்லியிருப்பார், அந்தக் கையேட்டைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் கடைசியாக ஒரு முறை, நிப்பிளை மூடி, பெடலை அமுக்கிக் கட்டையை முட்டுக்கொடுத்து, வெளியே வந்து நிப்பிளை ஒரு நொடி மட்டும் திறந்து மூடினேன். அழுத்தத்தோடு வருவதால் திருகு வழியாகக் காற்று நுழைய வழியில்லை. நிப்பிளை இறுக்கும்போது ஸ்பேனரின் நடுவில் பிடித்தால் போதும். அது உள்ளே ஓட்டையான சின்னத் திருகு, பலம் காட்டினால் ஒடியும்.

நான்கு சக்கரத்திலும் வீடியோவில் குமிழி இல்லை. எண்ணெய் தேன் நிறத்திலிருந்து தெளிவுக்கு மாறிவிட்டது. காரில் உட்கார்ந்து மிதித்தேன். பெடல் தாழ்ந்து போனது.

மூன்றாம் சுற்று, வீணானது

இருட்டும் வரை மறுபடியும் நான்கையும் எடுத்தேன். ஒரு குமிழிகூட இல்லை. பெடல் அப்படியே இருந்தது. புது மாஸ்டர் பம்ப் வாங்க வேண்டியதுதான் என்று மனம் சோர்ந்துவிட்டது. அம்மா கோப்பி கொண்டுவந்து பானட் மேல் வைக்கப் போனார், வேண்டாம் என்று கையில் வாங்கிக்கொண்டேன். "நாளைக்குப் பார்த்துக்கலாம்ப்பா, ராத்திரியில வேணாம்" என்றார். சரி என்று விட்டேன். பிரேக்கைக் களைத்த கையோடு தொடக் கூடாது.

மறுநாள் காலை சுங்கைப்பட்டாணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மூணு தடவை ஏர் எடுத்துட்டேன். இன்னும் கீழதான் போகுது."

"தம்பி, பெடல் கீழ போறது வேற, பஞ்சு மாதிரி இருக்கிறது வேற. உனக்கு எது?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. போய் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தேன். தாழ்ந்து போகிறது, ஆனால் போய் நிற்கிற இடத்தில் கல் மாதிரி நிற்கிறது.

"அப்போ காத்து இல்ல. ஹேண்ட்பிரேக்கை நல்லா இழுத்துட்டு மிதி."

அளந்து பார்ப்போம் என்று ரூலரை எடுத்தேன். எஞ்சின் அணைத்து, பூஸ்டரில் (எஞ்சின் வெற்றிடத்தால் மிதிக்குப் பலம் கூட்டும் பகுதியில்) மிச்சமிருந்த வெற்றிடம் தீரும்வரை மிதித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து அளந்தது: முதல் மிதியில் பெடல் தரையிலிருந்து 50 மி.மீ. உயரத்தில் நின்றது. விடாமல் மூன்று தடவை மிதித்தால் 78. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மிதித்தால் முதல் மிதியிலேயே 76.

காரணம் அந்த மூன்று எண்ணில் இருக்கிறது. ஹேண்ட்பிரேக் கேபிள் ஷூவை டிரம்மோடு ஒட்ட வைக்கிறது. வீல் சிலிண்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் பிஸ்டனையும் கூடவே தள்ளிவிடுகிறது. இடைவெளி தீர்ந்ததும் பெடல் உயர்ந்துவிட்டது. குழாயில் காற்று இருந்திருந்தால் ஹேண்ட்பிரேக்கால் அதை என்ன செய்ய முடியும்? ஆகவே குறை பின்பக்க ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான தூரத்தில்தான் இருந்தது. முந்தின நாள் நான் சுருக்கிவிட்டு, தானாகச் சரியாகும் என்று விட்ட அட்ஜஸ்டர்.

கணக்கும் ஒத்துவருகிறது. மாஸ்டர் பம்பும் வீல் சிலிண்டரும் ஒரே விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மொத்தம் நான்கு பிஸ்டன். ஒவ்வொன்றும் 1 மி.மீ. கூடுதலாக நகர வேண்டியிருந்தால் மாஸ்டர் பிஸ்டன் 4 மி.மீ. நகர வேண்டும், பெடல் 16 மி.மீ. இறங்க வேண்டும். என் பெடல் 30 மி.மீ. போலத் தாழ்ந்திருந்தது. அப்படியானால் ஒவ்வொரு ஷூவுக்கும் 2 மி.மீ. அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறேன். தானாக அட்ஜஸ்ட் ஆகும் அமைப்பு ஒரு தடவைக்கு ஒரு பல்தான் நகரும். அது மெல்லிய தேய்மானத்தை ஈடுகட்ட இருக்கிறது, ஆள் விட்ட இடைவெளியை மூட இல்லை.

சரி செய்தது

டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்து, தட்டையான ஸ்குரூடிரைவரால் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்பினேன். கையால் சுழற்றும்போது சக்கரம் இறுகும் வரை கொண்டுபோய், பிறகு நாலைந்து பல் பின்னால் விட்டேன். டிரம் சுழலும்போது ஷூ லேசாக உரசும் "ஸ்ஸ்" சத்தம் மட்டும் கேட்டது. இரு பக்கமும் அதே அளவு. இடையிடையே பெடலை மிதித்து ஷூவை நடுவில் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன்.

முதல் மிதியில் 82 மி.மீ. மூன்று மிதியிலும் 82. 12 கிளிக் போன ஹேண்ட்பிரேக் 6-இல் பிடித்தது. பெடலை அமுக்கிக்கொண்டே எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது அது கொஞ்சம் இறங்கியது. அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம், குறை இல்லை. ஒரு நிமிடம் முழு பலத்தோடு மிதித்து வைத்திருந்தேன், மேலும் இறங்கவில்லை. எல்லா நட்டும் உலர்ந்தே இருந்தது.

தாமானுக்குள் (எங்கள் குடியிருப்புக்குள்) நடை வேகத்தில், ஹேண்ட்பிரேக்கில் கையோடு முதல் ஓட்டம். பிறகு ஆளில்லாத நேரத்தில் 40-இல் நிறுத்திப் பார்த்தேன், நேராக நின்றது. பழைய எண்ணெயைப் போத்தலில் அடைத்து, கழிவு எண்ணெய் வாங்கும் பட்டறை ஒன்றில், இது பிரேக் எண்ணெய் என்று சொல்லிக் கொடுத்தேன். வாசல் லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றுவது கடலில் ஊற்றுவதுதான். எங்கள் தெரு லோங்காங் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தாலே தெரியும்.

இந்த முறை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் அதன் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் கம்ப்யூட்டர் மாட்டி உள்வால்வுகளைத் திறந்துதான் எடுக்க முடியும். ஹைப்ரிட் வண்டிகளில் பிரேக் தானாகவே அழுத்தம் ஏற்றிக்கொள்ளும், கையேடு இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். சாதாரண வண்டியாகவே இருந்தாலும், பெடல் ஏன் தாழ்கிறது என்று தெரியாத வரை அதைச் சாலைக்கு எடுக்காதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

டப்பாவில் எண்ணெய் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டி வைத்தேன். மூன்று வாரம் கழித்து அம்மாவோடு அதே துன் சார்டோன் சாலையில் இறங்கி வந்தேன். எண்ணெய் டேப்பிலேயே நின்றது.

அண்ணன் ஊரிலிருந்து வந்ததும் நேராக போர்ச்சுக்கு வந்தார். காரில் ஏறி ஒரு தடவை மிதித்தார், ஹேண்ட்பிரேக்கை இழுத்து கிளிக்கை எண்ணினார், ஒன்றும் பேசவில்லை. இறங்கி, இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து விரலை விட்டுத் துழாவினார்.

"தம்பி, இங்க இருந்த ரப்பர் மூடி எங்க?"

டூல்பாக்ஸின் மேல் தட்டில் இருந்தது. மழைத்தண்ணீர் டிரம்முக்குள் போகும் வழி மூன்று வாரமாகத் திறந்தே கிடந்திருக்கிறது. எடுத்துவந்து கொடுத்தேன். அவர் கட்டைவிரலால் அமுக்கிப் பொருத்திவிட்டு, வலது பக்கத்தையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கை கழுவப் போனார்.